நோயை விடப் பயம் பொல்லாதது



வழக்கமாக இந்தப் பக்கத்தில் பிள்ளைகளின் படிப்பு, வீட்டுப் பாடம், கைத்தொலைபேசித் தொல்லை என்று ஏதாவது ஒன்றைப் பிடித்துக்கொண்டு உங்களோடு பேசுவேன். இன்று பேசப்போவது கொஞ்சம் கூச்சமான விஷயம். மாமியார் பக்கத்தில் உட்கார்ந்திருந்தால் தாளைத் திருப்பிவிடத் தோன்றும். திருப்பாதீர்கள். மாமியாரையும் சேர்ந்து படிக்கச் சொல்லுங்கள். எழுதுகிற எனக்கும் கூச்சம்தான். ஆனால் கூச்சப்பட்டுக்கொண்டு நான் செய்த ஒரு பிழையை உங்களிடம் சொல்லியாக வேண்டும்.

குளுவாங் வட்டாரத்தில் நான் வேலை பார்க்கும் தோட்டம் ஒரு காலத்தில் பால்மரத் தோட்டம். இன்று கண்ணுக்கு எட்டிய தூரம் வரை செம்பனை. லயங்களில் அன்று அறுபது தமிழ்க் குடும்பங்கள் இருந்தனவாம். இன்று பதினோரு குடும்பங்கள்தாம். மற்ற வீடுகளில் இந்தோனேசியர், வங்காளதேசத்தார், நேபாளத்தார் இருக்கிறார்கள். தமிழ்நாட்டிலிருந்து பெர்மிட்டில் வந்த சிலரும் உண்டு. ஒரே வீட்டில் பத்துப் பன்னிரண்டு ஆண்கள் படுத்து எழுந்து வேலைக்குப் போகிறார்கள். பெரட்டுக்கு விடியுமுன் கிளம்பும் அவர்களை நாம் தினமும் பார்க்கிறோம். அவர்களுக்குக் காய்ச்சல் வந்தால் எங்கே போகிறார்கள் என்று நம்மில் யாராவது கேட்டதுண்டா? நானும் கேட்டதில்லை.

சிவகங்கைப் பக்கத்துத் தம்பி ஒருவர் எங்கள் தோட்டத்தில் செம்பனைக் குலை வெட்டும் வேலையில் இருந்தார். (அவர் சம்மதித்துத்தான் எழுதுகிறேன். அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.) பள்ளி வேலிப் பக்கம் வந்து பழைய தமிழ்ப் பத்திரிகை கேட்டு வாங்கிப் போவார். ஊரில் மனைவியும் ஒரு பெண் குழந்தையும். இங்கு வந்த பிறகு ஊர்ப் பக்கமே போகவில்லை. ஏஜெண்டுக்குக் கொடுக்க வட்டிக்கு வாங்கிய கடன் அடைந்தபாடில்லை.

சில வாரங்களாக இருமிக்கொண்டே வந்தார். "டிரஸ்ஸரைப் பாருங்களேன் தம்பி" என்றேன்.

"வேண்டாம் டீச்சர். அடுத்த மாசம் மெடிக்கல் வருது. இப்பப் போய்ச் சொன்னா எழுதி வச்சிருவாங்க. கடையில மருந்து வாங்கிக் குடிச்சிட்டிருக்கேன், போயிரும்" என்றார்.

இருமல் போகவில்லை. அவர்தாம் போனார். மெடிக்கல் முடிந்து சில நாட்களில், ஒரு சனிக்கிழமை மாலை, வீட்டு வாசலில் வந்து நின்றார். கையில் ஒரு தாளின் நகல்.

"இதுல என்ன டீச்சர் போட்டிருக்கு? ரத்தம் சரியில்ல, பெர்மிட் கிடையாது, புதன்கிழமை ஃபிளைட்டுன்னு மட்டும் சொல்றாங்க. என்ன நோயின்னு யாருமே சொல்லலை."

வாங்கிப் படித்தேன். நெஞ்சுப் படத்தில் கோளாறு என்று ஒரு வரி. அதன் கீழே எச்.ஐ.வி. என்று இருந்தது.

நான் பயிற்சி பெற்ற ஆசிரியை. ஒவ்வொரு ஆண்டும் டிசம்பர் 1ஆம் தேதி, உலக எய்ட்ஸ் தினத்துக்குப் பள்ளியில் சுவரொட்டி ஒட்டுகிறவள். அந்த எழுத்துகளை வாய் திறந்து சொல்ல என்னால் முடியவில்லை. "ஊருக்குப் போனதும் பெரிய ஆஸ்பத்திரியில் காட்டுங்கள் தம்பி" என்று மட்டும் சொன்னேன். தேநீர் கொடுத்தேன். வழக்கமாக வீட்டுக் கண்ணாடித் தம்ளரில் கொடுக்கிற நான், அன்று அலமாரியைத் துழாவிப் பிறந்தநாள் விழாவில் மிஞ்சிய காகிதக் கோப்பையை எடுத்தேன். அவர் கோப்பையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். குடித்துவிட்டுப் போனார்.

வாசகர்களே, இந்த நோய் கோப்பையால் தொற்றாது என்பது எனக்குத் தெரியும். தெரிந்தும் என் கை அதை எடுத்தது. அதைவிடப் பெரிய பிழை ஒன்று இருக்கிறது. தன் இரத்தத்தில் என்ன இருக்கிறது என்று தெரியாமல் ஒரு மனிதர் மனைவியிடம் போகிறார். அதைச் சொல்லக் கூடியவள் நான் ஒருத்திதான். நான் சொல்லவில்லை.

இந்த இடத்தில் என் தாத்தாவின் கதைக்குப் போக வேண்டியிருக்கிறது. அவரும் ஒரு காலத்தில் இதே மாதிரி வந்த வெளிநாட்டுத் தோட்டத் தொழிலாளிதான். 1930-களில் நாகப்பட்டினத்தில் கப்பல் ஏறினார். கப்பலில் யாருக்காவது அம்மையோ வாந்திபேதியோ கண்டால், பினாங்குக்குப் பக்கத்தில் உள்ள ஜெரஜாக் தீவில் எல்லாரையும் இறக்கி அடைத்து வைப்பார்கள். அதற்குப் பயந்து காய்ச்சலை மறைத்தவர்கள் எத்தனை பேர் என்று தாத்தா விரல் மடக்கிச் சொல்வாராம். தோட்டத்துக்கு வந்தால் மலேரியா. காடு வெட்டிய இடமெல்லாம் கொசு. காய்ச்சலில் விழுந்தவனைச் சோம்பேறி என்றார்கள். வேலைக்கு வராத நாளுக்குச் சம்பளம் கிடையாது.

அந்த மலேரியா எப்படிக் குறைந்தது? காய்ச்சல்காரர்களைக் கப்பலேற்றித் திருப்பி அனுப்பியதால் அல்ல. 1897இல் செகந்தராபாத்தில் டாக்டர் ரொனால்டு ராஸ், மலேரியாக் கிருமி கொசுவின் உடலில் வளர்வதைக் கண்டுபிடித்தார். அதன் பிறகு 1901இல் கிள்ளானில் டாக்டர் மால்கம் வாட்சன் சதுப்பு நிலத்து நீரை வடியவிட்டுக் கொசுவை ஒழிக்கும் வேலையைத் தொடங்கினார். கால்வாய் வெட்டினார்கள். பெரட்டுக் களத்தில் டிரஸ்ஸர் நின்று ஒவ்வொருவர் வாயிலும் கொய்னா மருந்தைப் போட்டு விழுங்கச் செய்தார். தோட்டத்தில் வைத்தியத்துக்கு வழி செய்ய வேண்டியது முதலாளியின் கடமை என்று சட்டம் வந்தது. நோயாளி இருந்த இடத்துக்கு மருந்து போயிற்று. அதனால்தான் நம் தாத்தா பாட்டிகள் பிழைத்தார்கள், நாம் பிறந்தோம்.

இன்று நமக்குப் பக்கத்து வீட்டில் இருக்கும் புதிய தொழிலாளிக்கு என்ன வழி இருக்கிறது என்று பாருங்கள். இந்த நாட்டுக்கு வேலைக்கு வரும் ஒவ்வொருவரும் வந்த ஒரு மாதத்துக்குள் மருத்துவச் சோதனை செய்துகொள்ள வேண்டும். 1997 முதல் ஃபொமெமா என்ற நிறுவனம் இதை நடத்தி வருகிறது. காசநோய், எச்.ஐ.வி., மஞ்சள் காமாலைக் கிருமி, மேகநோய், மலேரியா என்று பலவற்றைப் பார்க்கிறார்கள். பெர்மிட்டைப் புதுப்பிக்கும்போதும் சோதனை உண்டு. எச்.ஐ.வி. இருப்பதாகத் தெரிந்தால் அவர் "தகுதியற்றவர்". ஊர் திரும்ப வேண்டியதுதான்.

நாட்டைக் காப்பாற்றத்தானே இந்தச் சோதனை என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. ஆனால் இரண்டு விஷயங்களை எண்ணிப் பாருங்கள். முதலாவது, சோதனைக்குச் சில வாரங்களுக்கு முன் தொற்றிய கிருமியை அந்தச் சோதனை காட்டாமல் விடக்கூடும். இரண்டாவது, நம் சிவகங்கைத் தம்பி வரும்போது தகுதியானவர் என்று சான்று பெற்றுத்தான் வந்தார். இங்கு வந்த பிறகுதான் தகுதி இழந்தார். அப்படியானால் நோயை அவர் பெட்டியில் கட்டிக்கொண்டு வந்தாரா, இங்கே வாங்கிக்கொண்டாரா? இங்கே இருந்த காலத்தில் அது எப்படி வரும், எப்படித் தடுக்கலாம் என்று அவர் மொழியில் அவருக்கு யாரும் ஒரு வார்த்தை சொன்னதில்லை. வாசலில் காவல் வைத்தோம், வீட்டுக்குள் விளக்கேற்ற மறந்தோம்.

பண விஷயமும் இருக்கிறது. அரசாங்கக் கிளினிக்கில் நமக்கு ஒரு வெள்ளியில் வைத்தியம் முடிகிறது. வெளிநாட்டவருக்குக் கட்டணம் பல மடங்கு. வார்டில் சேர முன்பணமும் கட்ட வேண்டும். 2011இல் வெளிநாட்டுத் தொழிலாளருக்கு ஆஸ்பத்திரிக் காப்புறுதி கட்டாயம் என்று வந்தபோது, தோட்டத் தொழிலாளரும் வீட்டுப் பணிப்பெண்களும் அந்தக் கட்டாயத்தில் சேர்க்கப்படவில்லை. 2019 ஜனவரி முதல் வேலையில் அடிபட்டால் சொக்சோ பாதுகாப்பு உண்டு. நல்லதுதான். ஆனால் மூன்று மாத இருமலுக்கு? ஒரு நாள் கூலியையும் இழந்து, கட்டணமும் கட்டி, பெர்மிட்டையும் பணயம் வைத்து எந்த மனிதர் கிளினிக் வாசலை மிதிப்பார்?

இந்தத் தம்பிக்குக் காசநோயும் இருந்தது. எச்.ஐ.வி. உள்ளவர்களை எளிதில் பிடிப்பதும், அவர்களில் பலரைக் கொல்வதும் காசநோய்தான். அவரோடு ஒரே வீட்டில் படுத்தவர்கள் பதினான்கு பேர். எச்.ஐ.வி. காற்றில் பரவாது, காசநோய் பரவும். அவர் பயந்து மறைத்த ஒவ்வொரு நாளும் அந்தப் பதினான்கு பேருக்கும் ஆபத்து. அந்த வீட்டுக்கு இரண்டு வீடு தள்ளித்தான் என் மாணவர்கள் விளையாடுகிறார்கள். அவருடைய பயம் அவரோடு நிற்கவில்லை என்பது இப்போது விளங்குகிறதா?

பயத்தைப் போக்கினால் நோய் குறையும் என்பதற்குச் சான்று நம் நாட்டிலேயே உண்டு. மலேசியாவில் முதல் எச்.ஐ.வி. தொற்று 1986இல் தெரிய வந்தது. 2002இல் மட்டும் 6,978 பேருக்குப் புதிதாகக் கண்டார்கள். அப்போது பெரும்பாலோர் ஊசி வழியே போதைப்பொருள் ஏற்றியவர்கள். பிடிப்பதும் அடைப்பதும் மட்டும் பலன் தரவில்லை. 2005இல் மெத்தடோன் சிகிச்சையும், 2006இல் பழைய ஊசியை வாங்கிக்கொண்டு புதிய ஊசி கொடுக்கும் திட்டமும் வந்தன. பலர் முகம் சுளித்தார்கள். ஆனால் 2002க்குப் பின் பத்து ஆண்டுகளில் புதிய தொற்று ஏறக்குறையப் பாதியாகக் குறைந்தது. இப்போது பெரும்பாலும் உடலுறவு வழியேதான் இது பரவுகிறது.

கர்ப்பிணிகளுக்கு அரசாங்கக் கிளினிக்குகளில் 1998 முதல் எச்.ஐ.வி. சோதனை உண்டு. தொற்று இருந்தால் தாயை விரட்டுவதில்லை. மருந்து கொடுத்துக் குழந்தையைக் காப்பாற்றுகிறார்கள். அதன் பலனாக, தாயிடமிருந்து குழந்தைக்குத் தொற்றுவதை ஒழித்த நாடு என்று 2018இல் உலகச் சுகாதார நிறுவனம் மலேசியாவுக்குச் சான்றளித்தது. நம் ஜொகூரில் 2001இலேயே முஸ்லிம் மணமக்களுக்குத் திருமணத்துக்கு முன் எச்.ஐ.வி. சோதனை வந்தது. தொற்று இருந்தால் கல்யாணத்துக்குத் தடையில்லை, ஆலோசனை சொல்கிறார்கள். ஒரே சோதனைதான். குடிமக்களுக்கு அது வைத்தியத்தின் தொடக்கம். தோட்டத்துத் தம்பிக்கு அதுவே முடிவாகிவிடுகிறது.

தமிழ்நாட்டிலும் ஒரு பாடம் உண்டு. 1986இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் டாக்டர் சுனிதி சாலமன் பணியாற்றினார். அவரிடம் படித்த செல்லப்பன் நிர்மலா என்ற மாணவி, உடலை விற்றுப் பிழைக்கும் நிலையில் இருந்த பெண்களைத் தேடிப் போய், பக்கத்தில் உட்கார்ந்து பேசி, இரத்தம் சேகரித்தார். அதைத் தம் வீட்டுக் குளிர்சாதனப் பெட்டியிலேயே வைத்திருந்தாராம். வேலூரில் சோதித்தபோதுதான் இந்தியாவில் எச்.ஐ.வி. இருப்பது முதன்முதலாகத் தெரிந்தது. இந்தியாவில் அப்படி ஒரு நோய் கிடையாது என்று நம்பியிருந்த காலம் அது. 2004 ஏப்ரல் 1 முதல், தாம்பரம் ஆஸ்பத்திரி உட்படச் சில அரசு ஆஸ்பத்திரிகளில் இந்திய அரசு இலவச மருந்து கொடுக்கத் தொடங்கியது. பிறகு அது மாவட்டங்களுக்கும் போயிற்று.

வெளிநாட்டுத் தொழிலாளருக்கு இதெல்லாம் சாத்தியமா என்று கேட்பவர்களுக்குப் பக்கத்தில் தாய்லாந்து இருக்கிறது. அங்கே மியன்மார், கம்போடியாத் தொழிலாளர்கள் ஆண்டுக் கட்டணம் செலுத்திச் சுகாதாரக் காப்புறுதியில் சேரலாம். 2013இல் எச்.ஐ.வி. மருந்தும் அதில் சேர்க்கப்பட்டது. வேலைக்காக யாரையும் கட்டாய எச்.ஐ.வி. சோதனைக்கு உட்படுத்தக்கூடாது, இடம்பெயர்ந்த தொழிலாளரையும் கூடாது என்று அனைத்துலகத் தொழிலாளர் நிறுவனம் 2010இல் பரிந்துரைத்திருக்கிறது.

இதெல்லாம் யாருக்கோ என்று ஜொகூர்க்காரர்களாகிய நாம் இருந்துவிட முடியுமா? விடியற்காலை நான்கு மணிக்கு மோட்டார் சைக்கிளில் பாலம் தாண்டும் நம் பிள்ளைகள் சிங்கப்பூரில் யார்? வெளிநாட்டுத் தொழிலாளர்கள்தாமே! அங்கே வேலை பெர்மிட்டுக்கான மருத்துவச் சோதனையில் எச்.ஐ.வி.யும் உண்டு. தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும் என்பார்கள். அது வரை காத்திருக்க வேண்டாம்.

இனி, தாய்மார்களும் இளைஞர்களும் மனத்தில் வைக்க வேண்டியதைச் சுருக்கமாகச் சொல்கிறேன்.

எச்.ஐ.வி. பாதுகாப்பற்ற உடலுறவாலும், ஒருவர் பயன்படுத்திய ஊசியை மற்றவர் பயன்படுத்துவதாலும், தொற்றுள்ள இரத்தத்தாலும், மருந்து எடுக்காத தாயிடமிருந்து குழந்தைக்கும் பரவும். தம்ளர், துண்டு, கழிவறை, கைகுலுக்கல், கொசுக்கடி ஆகியவற்றால் பரவாது. ஆணுறை தடுக்கும். அதை மருந்துக்கடையில் கேட்டு வாங்குவது வெட்கமில்லை. வாங்காமல் இருப்பதுதான் ஆபத்து. தொற்றியிருக்குமோ என்று சந்தேகம் வந்தால் 72 மணி நேரத்துக்குள் டாக்டரிடம் போனால் தடுப்பு மருந்து உண்டு. நாள் கடத்தினால் பலன் இல்லை.

தொற்றியவருக்கும் இது மரண ஓலை அல்ல. 1996 முதல் கூட்டு மருந்துகள் வந்துவிட்டன. தினமும் தவறாமல் மாத்திரை எடுத்தால் கிருமியின் அளவு சோதனையில் தெரியாத அளவுக்குக் குறைந்துவிடும். அந்த நிலை நீடிக்கும் வரை உடலுறவு வழியேகூட அவரிடமிருந்து மற்றவருக்குத் தொற்றாது. நன்றாகக் கவனியுங்கள்: மருந்து எடுப்பவரைப் பார்த்துப் பயப்பட ஒன்றுமில்லை. தெரியாமலும் மறைத்தும் திரிவதுதான் பயப்பட வேண்டியது.

தோட்டத்தில் நாம் என்ன செய்யலாம்? சட்டத்தை நாளையே மாற்ற நம்மால் முடியாது. தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கக் கூட்டத்துக்குப் போகிறவர்கள் இந்தக் கேள்வியை எழுப்பலாம்: தோட்டத்து வைத்திய வசதி அந்நியத் தொழிலாளிக்கும் பெர்மிட் பயமில்லாமல் கிடைக்குமா? நோய் பற்றிய அறிவிப்பை வங்காளத்திலும் நேபாளியிலும் ஒட்டச் சொல்லலாம். சோதனையில் தவறியவருக்கு என்ன நோய் என்பதை அவர் மொழியில், தனியே, மரியாதையாகச் சொல்லச் சொல்லலாம். ஊரில் எங்கே மருந்து கிடைக்கும் என்று ஒரு சீட்டில் எழுதிக் கொடுக்கலாம். இதற்குப் பெரிய செலவில்லை. இரண்டு வாரத்துக்கு மேல் இருமுகிறவரைக் கண்டால், "நானும் வருகிறேன், வாங்க" என்று கிளினிக்குக்கு அழைத்துப் போகலாம். கேட்டதை ஊரெல்லாம் பரப்பாமல் இருப்பது எல்லாவற்றிலும் முக்கியம். நம் லயத்து வம்புப் பேச்சுக்குப் பயந்தே எத்தனை பேர் ஊசி போட்டுக்கொள்ளப் போவதில்லை!

என் பிழையின் மிச்சக் கதையைச் சொல்லி முடிக்கிறேன். புதன்கிழமை அந்தத் தம்பி விமானம் ஏறினார். எனக்குத் தூக்கமில்லை. கண்ணை மூடினால் காகிதக் கோப்பைதான் தெரிந்தது. அவருடைய அறைத் தோழரிடம் கெஞ்சி ஊர்த் தொலைபேசி எண்ணை வாங்கி, ஒன்பதாம் நாள் பேசினேன். பெயரைச் சொன்னதும் தொண்டை அடைத்தது. ஆனாலும் இந்த முறை அந்த மூன்று எழுத்தையும் சொன்னேன். மருந்து இருக்கிறது, மாவட்ட அரசு ஆஸ்பத்திரியில் கேளுங்கள், மனைவியை நெருங்குமுன் டாக்டரைப் பாருங்கள் என்று எல்லாவற்றையும் சொன்னேன்.

சற்று நேரம் பேச்சில்லை. பிறகு சொன்னார்: "நீங்க அன்னிக்கு அந்தத் தாளைப் படிச்சப்பவே உங்க முகத்தைப் பார்த்துட்டேன் டீச்சர். பெரிய நோயின்னு தெரிஞ்சுது. என்னன்னுதான் தெரியல. அதான் வந்ததுலேருந்து திண்ணையிலதான் படுத்துக்கறேன். அவளுக்குக் கோவம், மலேசியா போய் மாறிட்டேன்னு அழுவுறா."

மறுநாளே ஆஸ்பத்திரிக்குப் போனார். காசநோய்க்கு ஆறு மாத மருந்து. எச்.ஐ.வி. மாத்திரையும் தொடங்கினார்கள். மனைவிக்கும் குழந்தைக்கும் சோதித்தார்கள். இருவருக்கும் இல்லை. இன்று ஊரிலேயே சிறு கடை வைத்திருக்கிறார். உடம்பு தேறிவிட்டது. பொங்கலுக்குப் பொங்கல் கூப்பிட்டுப் பேசுகிறார். மாத்திரையை ஒரு நாளும் விட்டதில்லை என்று என் மாணவன் மாதிரி ஒப்பிக்கிறார்.

அந்தக் கோப்பையைப் பற்றி அவரும் கேட்டதில்லை, நானும் சொன்னதில்லை. அதனால்தான் இங்கே உங்களிடம் சொல்கிறேன். மிஞ்சியிருந்த காகிதக் கோப்பைகளை அன்றே குப்பையில் போட்டுவிட்டேன். இப்போது எங்கள் வீட்டு வாசலுக்கு எந்த நாட்டுத் தொழிலாளி வந்தாலும், இருமிக்கொண்டே வந்தாலும், தேநீர் கண்ணாடித் தம்ளரில்தான். குடித்து முடித்ததும் சேர்ந்து கிளினிக்குக்குப் புறப்படுகிறோம்.